மூன்றாம் நம்பர் ஏறுகிறது

ஜெயபாய் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து கழற்றுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட். யார் யாருக்கோ நம்பர் தேடிச் சொன்ன தொண்டை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால், பஸ் ஸ்டாண்டிலிருந்து கத்திரி வெயிலில் நடந்து வந்த தலை. எல்லாம் தனித்தனியாக வலித்தன. எக்ஸ்சேஞ்சில் மெஷின் ரூமுக்கு மட்டும் ஏசி உண்டு. சூடு ஏறினால் மெஷின் கெட்டுப் போய்விடுமாம். இன்றைக்கு அந்தக் கதவருகே செத்த நேரம் நின்றுவிட்டு வந்தது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த சுகம்.

கண் தானாக டி.வி. மேலிருந்த பெட்டிக்குப் போனது.

ஈஸ்டருக்கு வந்த கொழுந்தன் ஐயாதுரை மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகும், அவன் கொண்டுவந்த பெட்டியைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவது நிற்கவில்லை என்று போன வாரம் சொன்னோம். கையகலப் பெட்டி. முகத்தில் கண்ணாடி. அதில் வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஓர் எண் தெரியும். அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்னும் மூன்று எண்கள். சோப்பு டப்பா மாதிரி மூன்று டப்பாக்களை அவன் மூன்று இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். வாசல் சன்ஷேடுக்குக் கீழே ஒன்று. பின்னால் கிணற்றடிச் சுவரில் இரண்டாவது. மொட்டை மாடியில் இருக்கும் அறைக்குள் மூன்றாவது. ஒயர் கிடையாது. அங்கங்கே அடிக்கிற சூட்டை அவை இங்கே சொல்லிவிடும்.

"ஈ ரோஜு எந்த?" என்று பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா தினமும் தெலுங்கில் எட்டிக் கேட்டுவிட்டுப் போவாள். இன்றைக்கு எத்தனை என்று கேட்டால் ஜெயபாயின் கணவன் பொன்னுராஜ் ரேடியோவில் நியூஸ் படிப்பதுபோல் ஒன்றையும் இரண்டையும் படிப்பான். மூன்றாவதைப் படிக்க மாட்டான்.

மத்தியானத்தில் மூன்றாம் நம்பர் நாற்பதுக்கு மேலே போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த மாடியறையில்தான் அவனுடைய அக்கா ஞானபாக்கியம் இருக்கிறாள்.

இன்றைக்கு மூன்றாம் நம்பரில் முப்பது என்று இருந்தது.

ஜெயபாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். முப்பதுதான்.

"ஏட்டி, வந்த உடனே உக்காந்துட்டியா? அவிய நாலு மணிக்கெல்லாம் வந்துருவாக" என்றபடி பொன்னுராஜ் வெளியே வந்தான். மில்லில் மெயிண்டனன்ஸ் பிட்டர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல சட்டையை அதற்குள் போட்டிருந்தான். "பால்கோவா வாங்கிட்டு வந்தியா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா? சிரிப்பாக. காராச்சேவு வாங்கியாந்திருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. ஐயாதுரைக்கு அமைந்திருக்கும் இடம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எஸ்தரம்மாளின் ஒரே மகள். பெண்ணின் அம்மாவும் தாய்மாமாவும் இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்கள்.

"மூணாம் நம்பர் என்ன, முப்பது காட்டுது?"

"மலைப்பக்கம் மழை பெஞ்சிருக்கும். காத்து அடிக்குதுல்லா." அவன் பெட்டியைப் பார்க்காமல் சொன்னான்.

"மதினி சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டா. அவிய போற வரைக்கும் மேலேயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்."

ஜெயபாய் நிமிர்ந்தாள்.

"என்ன பாக்க? அக்கா பேசினா தெரு முக்குக்குக் கேக்கும். வந்த இடத்துல ஏதாச்சும் சொல்லி வச்சான்னா? கட்டிக்குடுக்காத நாத்தனார் ஒருத்தி வீட்டோட இருக்கான்னு மொத நாளே அவிய மனசுல விழணுமா? பொறவு நிதானமா சொல்லிக்கிடலாம்."

ஞானபாக்கியம் இளம் வயதில் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் செக்ஷனில் வேலை பார்த்தவள். அந்த இரைச்சல் அவள் காதைப் பாதி தின்றுவிட்டது. மீதிக் காதுக்குக் கேட்கும்படி அவளும் உரக்கப் பேசுவாள். தாயில்லாத தம்பிகள் இருவரையும் அந்தக் குரலில்தான் அதட்டி வளர்த்தாள். கீழே அவள் இருந்த அறையை ஐயாதுரை அனுப்பிய பணத்தில் இடித்துக் கட்டினார்கள். அவன் கல்யாணமாகி வந்தால் தங்க வேண்டுமே என்று கட்டில், பீரோ, ஏர்கூலர் எல்லாம் வாங்கிப் போட்டார்கள். வேலை முடிகிற வரைக்கும் என்று மாடிக்குப் போனவள் கீழே இறங்கவே இல்லை. அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி பொன்னுராஜின் இடுப்பில்.

இதையெல்லாம் பேசுவதற்கு ஜெயபாய்க்குத் தெம்பு இல்லை. குளிக்க வேண்டும். பால் காய்ச்ச வேண்டும். பேச ஆரம்பித்தால் சண்டை வரும். சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, பேசாமல் எழுந்து போனாள். இப்படிப் பேசாமல் எழுந்து போவது அவளுக்குப் பழகிவிட்டது.

நாலு மணிக்குச் சற்று முன்னாலேயே கார் வந்து நின்றது.

எஸ்தரம்மாள் கனத்த சரீரம். வாசல்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாள். கையில் பால்கோவாப் பொட்டலம். பின்னால் அவளுடைய தம்பி தேவசகாயம், வீட்டின் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"தேக்குத்தானே தம்பி?"

"தேக்குதாண்ணே."

பொன்னுராஜ் பூட்டைத் திறந்து கீழறையைக் காட்டினான். தேவசகாயம் ஏர்கூலரின் ஸ்விட்சைப் போட்டார். குளிர்ந்த காற்று வந்து எல்லோர் முகத்திலும் பட்டது. எஸ்தரம்மாள் கட்டிலில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் பிரிக்கவே இல்லையா?"

"பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து பிரிக்கட்டும்னுதான்" என்றான் பொன்னுராஜ். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான்.

காபி குடிக்க ஹாலுக்கு வந்தபோது தேவசகாயத்தின் கண்ணில் பெட்டி பட்டது. அவ்வளவுதான், காபியை மறந்துவிட்டார். பொன்னுராஜுக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

"மஸ்கட்டுல இருந்து தம்பி கொண்டாந்ததுண்ணே. ஒயரே கிடையாது. ஒண்ணு வாசல்ல. ரெண்டு கிணத்தடியில."

"மூணு?"

"அது மாடியில சும்மா ஒரு ரூம் கெடக்கு. அதுல."

"மாடி ரூம் முப்பதா?" தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "நாம உக்காந்திருக்கிற இந்த ஹாலே முப்பத்தஞ்சுன்னு காட்டுது. கிணத்தடி முப்பத்தேழு. மாடி மட்டும் குளுகுளுன்னு இருக்கா? எங்க வீட்டு மாடியில காலு வைக்க முடியலையே தம்பி! எந்தக் கொத்தனாரு கட்டினது?"

"கட்டடம் அப்படிண்ணே" என்றான் பொன்னுராஜ்.

காராச்சேவு தட்டை வைத்துக்கொண்டிருந்த ஜெயபாய் கணவனின் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவன் காது சிவக்கும். சிவந்திருந்தது.

ஒரு டம்ளரில் காபியை ஊற்றி எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளிப்புறப் படியில் ஏறினாள். கதவைத் திறந்ததும் அடுப்பின் வாயைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. ஞானபாக்கியம் தரையில் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தின் மேல் படுத்திருந்தாள். முந்தானையை நனைத்து நெஞ்சில் போட்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"போயிட்டாகளாட்டி?" குரலை அடக்கிக் கேட்பதாக அவள் நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"இல்ல மதினி. எந்திரிங்க, காபி குடிங்க."

"காபி வேண்டாம். பச்சத்தண்ணி இருந்தா குடு."

பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்துவிட்டு ஜெயபாய் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"இதுல மாட்டியிருந்த டப்பா எங்க மதினி?"

"பொன்னுராஜ் காலையில எடுத்துட்டுப் போனான். பேட்டரி மாத்தணும்னான்."

ஜெயபாய் படியிறங்கினாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் குடிதண்ணீர் மண்பானையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருக்கும். சாக்குக்கும் பானைக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தான். எடுத்தாள். உள்ளங்கையில் சில்லென்றிருந்தது.

பையைப் பிரித்து, டப்பாவை முந்தானையில் துடைத்தாள்.

அவள் கணவன் கெட்டவன் இல்லை. தெருநாயைக்கூட அதட்ட மாட்டான். அக்கா மேலே வெந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது, ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்றுதான் இத்தனை நாளும் அவள் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். தெரியாதவன் டப்பாவை நகர்த்த மாட்டான். தினமும் ஒன்றையும் இரண்டையும் படித்தவன், மூன்றாவதையும் தினமும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு அக்காவை இறக்கிக் கொண்டுவராமல், டப்பாவை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறான்.

அதைவிட அவளுக்கு வலித்தது இன்னொன்று. அவளும்தான் பார்த்தாள். தினமும்.

படியேறிப் போய் டப்பாவைப் பழைய ஆணியில் மாட்டினாள்.

"வேண்டாம்ட்டி. அவன் கோவிப்பான்" என்றாள் ஞானபாக்கியம்.

"கோவிக்கட்டும்."

அவள் ஹாலுக்கு வந்தபோது கல்யாணத்தை எந்தச் சர்ச்சில் வைப்பது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜெயபாய் கதவோரம் நின்றாள். பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. தேவசகாயம் பாதிப் பேச்சில் நின்றார்.

"என்ன தம்பி, மூணு முப்பத்தி ரெண்டுங்குது?"

பொன்னுராஜ் திரும்பிப் பார்த்தான்.

"அது கூடக் குறையக் காட்டும்ணே. நீங்க காராச்சேவு எடுத்துக்குங்க."

தேவசகாயம் எடுத்துக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. "முப்பத்தி நாலு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தாறு" என்றார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி உற்சாகமாகத்தான் சொன்னார். பொன்னுராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தபடியே நின்றாள். அவனுடைய நல்ல சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

"முப்பத்தொம்பது! என்ன தம்பி இது, மேல தீ கீ பிடிச்சிருச்சா?"

"ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதான்" என்றாள் ஜெயபாய்.

எஸ்தரம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்பத்தான முப்பதுன்னு இருந்துச்சு?"

"இப்பத்தான் சரியா மாட்டியிருக்கு."

"அந்த ரூம்ல யாரும்மா இருக்காக?"

பொன்னுராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் ஜெயபாய் சொல்லிவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்கிற அதே மெதுவான, தெளிவான குரல்.

"எங்க மதினி. இவுகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மூத்தவக. இவுகளை வளத்தவக."

"மேலயே இருக்காகளா? இப்பவும்?"

"இப்பவும்."

 எஸ்தரம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"படி எங்க இருக்கு?"

"அக்கா, உனக்கு மூட்டுவலி. அவியளக் கீழ வரச் சொல்லலாமே" என்றார் தேவசகாயம்.

"நீ உக்காருடா."

ஒவ்வொரு படியாக, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து வைத்து அவள் ஏறியதை ஜெயபாய் பின்னால் நின்று பார்த்தாள். கூட வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

மேலே என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெருமுக்குக்குக் கேட்கிற ஞானபாக்கியத்தின் குரல் அன்றைக்குக் கேட்கவே இல்லை. தேவசகாயம் நாற்பத்தொன்றுக்குப் பிறகு எண்ணைப் படிப்பதை நிறுத்திவிட்டார். தட்டிலிருந்த காராச்சேவு அப்படியே இருந்தது.

எஸ்தரம்மாள் இறங்கி வந்தபோது முகமெல்லாம் வேர்வை. கண்ணும் நனைந்திருந்தது. அது வேர்வையா என்று சொல்ல முடியவில்லை. உட்காரவில்லை.

"பொன்னுராஜ் தம்பி. வீடு நல்லா இருக்கு. மாப்பிள்ளையைப் பத்தியும் நாலு இடத்துல நல்லபடியாத்தான் சொல்றாக. ஆனா பூ வைக்கிறதப் பத்தி இனி நான் உங்ககிட்டப் பேச மாட்டேன். இந்த வீட்டுக்கு மூத்தவக அவிய. அவிய சொல்லி அனுப்பினா நாங்க வாரோம்."

கார் போன பிறகு பொன்னுராஜ் வெகுநேரம் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்ததும் குரல் உடைந்து கேட்டான்.

"ஏன் ஜெயா இப்படிப் பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல. எடுத்த இடத்துல வச்சேன்."

"நாளைக்கு ஐயாதுரை என்னைய என்னன்னு நெனைப்பான்? அவன் ரூம்ல அவனக் கேக்காம எப்படி அக்காவ..."

"கேட்டீங்களா?"

அவன் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஒருதரம் போன்ல கேட்டீங்களாங்க? நானும் கேக்கல. நீங்களாச் செய்வீகன்னு நான் இருந்தேன். அவிகளா இறங்கி வருவாகன்னு நீங்க இருந்தீக. நாம ரெண்டு பேரும் தினம் அந்தப் பொட்டியப் பாத்துட்டுச் சாப்பிட்டுத் தூங்கினோம்."

 அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். கோபத்தில்கூடச் சோறு வடிக்க வேண்டியிருந்தது.

வெயில் தாழ்ந்து, மலைப்பக்கம் சிவந்திருந்த நேரத்தில் பொன்னுராஜ் படியேறுகிற சத்தம் கேட்டது. அவன் என்ன சொன்னான் என்பது கீழே கேட்கவில்லை. ஞானபாக்கியம் சொன்னது மட்டும் கேட்டது. இப்போது அவள் பழைய குரலில் பேசினாள்.

"கட்டில்ல படுக்கச் சொல்லுதியா? எந்தக் கட்டில்ல?"

அவன் ஏதோ சொன்னான்.

"அழாதலே. ஆம்பளப்பய அழுதா எனக்குப் பாக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கல்யாணம் நின்னு போயிருமேன்னு கூப்பிடுதியா, நான் செத்துப் போயிருவேன்னு கூப்பிடுதியா?"

ஜெயபாய் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.  கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் இறங்கி வந்தான். மில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன்போல் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். அந்த அறையில் அவன் இவ்வளவு நேரம் இருந்தது இதுதான் முதல்தடவை.

அப்போது டெலிபோன் அடித்தது. மணி அடித்த தினுசிலேயே வெளியூர் கால் என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. பொன்னுராஜ் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"மதினி! என்ன ஆச்சு? வந்துட்டுப் போயிட்டாகளா? என்ன சொன்னாக?" மஸ்கட்டிலிருந்து ஐயாதுரை மூச்சுவிடாமல் கேட்டான்.

நாளெல்லாம் ஒருவருக்கு ஒருவரை இணைத்துக் கொடுக்கிற வேலை. வீட்டிலும் இவருக்காக அவரிடம், அவருக்காக இவரிடம். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"நான் சொல்ல மாட்டேன் ஐயாதுரை. லைன்ல இரு. சொல்ல வேண்டியவகளக் கூப்பிடுதேன்."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஞானபாக்கியம் நின்றிருந்தாள். ஈரப்புடவையை மாற்றி, தலையைச் சீவிக் கொண்டை போட்டிருந்தாள். நேரே வந்து ரிசீவரை எடுத்து, கேட்கிற காதில் வைத்தாள்.

"ஏலே, நான் அக்கா பேசுதேன். கீழ இருக்கிற ரூமப் பூட்டி வைக்கச் சொன்னது நீயாலே?"

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ. அவள் முகத்தையே பொன்னுராஜும் ஜெயபாயும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் முதலில் இறுகி இருந்தது. பிறகு இளகியது. பிறகு வெறுமனே களைத்துப் போனது.

"சரி. சரிலே. நீ சொல்லாததுக்கு நீ ஏன் அழுத? விடு." அவள் தம்பி பொன்னுராஜைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தது. "பொண்ணு வீடு நல்ல வீடு. அந்த அம்மா நல்ல மனுஷி. கட்டிக்கோ. நான் நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாரேன். ஆனா ஒண்ணு. உன் கல்யாணம் முடிஞ்ச பொறவு நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

பொன்னுராஜ் விருட்டென்று எழுந்தான். "என்னக்கா சொல்லுத?"

"ஏன்னு கேக்காத. எங்கன்னும் கேக்காத. அதெல்லாம் மேல வச்சே பேசி முடிச்சாச்சு. ஏலே ஐயாதுரை, உனக்குக் காசு ஏறும், போன வையி."

ரிசீவரை வைத்துவிட்டாள்.

மேலே வைத்துப் பேசியது என்றால் எஸ்தரம்மாளிடம்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும் அப்படி என்ன முடிவுக்கு வந்தார்கள்?  மதினியை அந்த வெக்கையிலிருந்து இறக்கத்தான் ஜெயபாய் படியேறி டப்பாவை மாட்டினாள். வீட்டை விட்டே இறக்குவதற்கு இல்லை.

"மதினி, எங்க போறீக? நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?"

ஞானபாக்கியம் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். காலையில் கட்டிக்கொண்டு போன புடவையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை ஜெயபாய்.

"நீ ஒண்ணும் தப்பாப் பண்ணல. உன் மூஞ்சியப் பாரு, ரத்தமே இல்ல" என்று அதட்டிவிட்டு, அடுப்படிக்குள் போய் அவளே தட்டுகளை எடுத்தாள். "உக்காருட்டி. இன்னைக்கு நான் போடுதேன். ஏலே பொன்னுராஜ், நீயும் வா. நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுச் சொல்லு. எஸ்தரம்மாளப் பாக்க நான் தனியாத்தான் போவேன்."